ஆபரேஷன் தியேட்டரில் லீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டர்கள், மயக்க மருத்துவர்கள், சர்ஜன்கள், தரப்பிரிவில் இருப்பவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. மூன்று முதல் ஆறு தியேட்டர் உள்ள நம் ஊர் நடுத்தர மருத்துவமனையை மனதில் வைத்து எழுதியது. கீழே வரும் நேரக் கணக்குகள் விளக்கத்துக்கான மாதிரிகள்தான். உங்கள் தியேட்டரின் எண்களை நீங்களே எடுக்க வேண்டும்.

லீன் என்பது என்ன? கார் கம்பெனி முறை ஆஸ்பத்திரிக்கு எப்படிப் பொருந்தும்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் முன்னின்று வளர்த்த வேலைமுறைக்குப் பின்னாளில் விழுந்த பெயர் லீன். வாடிக்கையாளருக்குப் பயன்படாத வேலை எல்லாம் விரயம். அந்த விரயத்தை வேலை நடக்கும் இடத்திலேயே நின்று பார்த்து, அந்த வேலையைச் செய்பவர்களே நீக்க வேண்டும். சாரம் இவ்வளவுதான். ஓனோ விரயத்தை 7 வகையாகப் பிரித்தார்: தேவைக்கு மேல் உற்பத்தி, காத்திருப்பு, பொருள்களை இங்கும் அங்கும் கொண்டுபோவது, வேண்டாத வேலை, தேங்கிக் கிடக்கும் சரக்கு, வீண் நடை, பிழை. தியேட்டரில் ஏழும் உண்டு, முதலிடம் காத்திருப்புக்கு.

அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவமனையின் நிர்வாகிகள் 2002-ல் ஜப்பானுக்கே போய் டொயோட்டா முறையைப் பார்த்துவந்து, மருத்துவமனை முழுவதும் அதைக் கொண்டுவந்தார்கள். "நோயாளி என்ன காரா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லைதான். ஆனால் ஸ்ட்ரெச்சர், கருவி டிரே, கன்சென்ட் (ஒப்புதல்) பேப்பர், இன்சூரன்ஸ் அப்ரூவல் இவையெல்லாம் கார் பாகம் மாதிரியே வந்து, நின்று, தொலைந்து, மறுபடி கிடைக்கின்றன. இங்கே கைவைக்கப்போவது அவற்றில்தான்.

அப்படியானால் சர்ஜனை வேகமாகச் செய்யச் சொல்லப்போகிறீர்களா?

இல்லை. தோலில் கத்தி பட்டதிலிருந்து கடைசித் தையல் வரையுள்ள நேரத்தைத் தொடவே வேண்டாம். அதற்கு முன்னும் பின்னும் கிடக்கும் நேரத்தில் கைவைத்தாலே ஓர் ஆண்டு வேலை இருக்கிறது.

முதலில் எதை அளப்பது?

நான்கு எண்கள் போதும். முதல் கேஸ் நேரத்துக்குத் தொடங்கியதா. ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே வர எத்தனை நிமிடம். லிஸ்டில் போட்ட கேஸில் அன்றே ரத்தானது எத்தனை, ஏன். கடைசி நோயாளி எத்தனை மணிக்கு வெளியே போனார்.

அளப்பதற்கு முன் இரண்டு சங்கதிகளை முடித்துவிடுங்கள். ஒன்று, ‘தொடக்கம்’ என்றால் எது என்று எழுதிவையுங்கள். நோயாளி தியேட்டர் வாசலைத் தாண்டிய நேரமா, மயக்க மருந்து கொடுத்த நேரமா, கத்தி வைத்த நேரமா? ஆளுக்கொரு பொருள் கொண்டால் ஒரு மாதம் அளந்தும் சண்டைதான் மிஞ்சும். வாசல் தாண்டிய நேரத்தை வைத்துக்கொள்வது எளிது; யாரும் மறுக்க முடியாது. இரண்டு, கடிகாரங்கள். தியேட்டர் சுவர்க் கடிகாரமும், மானிட்டரும், வார்டு கடிகாரமும் ஒன்றுக்கொன்று 5, 6 நிமிடம் வித்தியாசத்தில் ஓடுவது சகஜம். அதைச் சரிசெய்யாமல் ‘வார்டு 4 நிமிடம் தாமதம்’ என்று எழுதுவது வீண்பழி.

இரண்டு வாரம், எல்லா கேஸும், கையால் எழுதினால் போதும். தாமதக் காரணத்தை அந்த நிமிடமே எழுதவேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதினால் எல்லாக் காரணமும் ‘டாக்டர் லேட்’ என்று ஆகிவிடும்.

8 மணி கேஸ் ஏன் 8.50-க்குத்தான் தொடங்குகிறது?

சர்ஜன் வரவில்லை என்பது ஒரு காரணம். அது கண்ணுக்குத் தெரிவதால் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது. எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் முந்தின நாளே முடித்திருக்க வேண்டிய வேலையாக இருக்கும்: கார்டியாலஜி ஃபிட்னஸ் (அறுவை தாங்குவார் என்ற இதய மருத்துவரின் சான்று) வரவில்லை, ரத்தம் ரிசர்வ் செய்யவில்லை, கன்சென்டில் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை, காப்பீட்டுத் திட்ட முன்அனுமதி நிலுவையில் இருக்கிறது.

நம் ஊருக்கே உரிய இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது காபி. ‘வெறும் வயிறு’ என்று சொன்னால் இட்லி சாப்பிடக்கூடாது என்று மட்டும் புரிந்துகொண்டு, காலை 5 மணிக்கு அரை டம்ளர் காபி குடித்துவிட்டு வருபவர்கள் உண்டு. பால் கலந்தது எதுவும் உணவுக் கணக்கு. 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் போதும். எண்ணெய்ப் பதார்த்தம், கறிச்சோறு என்றால் 8 மணி நேரம். ஆகவே ‘வெறும் வயிறு’ என்று எழுதாதீர்கள். ‘இரவு 11-க்குப் பிறகு சாப்பாடு, பால், காபி, டீ கிடையாது, காலை 6 வரை தண்ணீர் மட்டும் குடிக்கலாம்’ என்று அவரவர் கேஸ் நேரத்துக்கு ஏற்ப மணி போட்டு எழுதிக்கொடுங்கள். லிஸ்டில் உள்ள அத்தனை பேரையும் நள்ளிரவிலிருந்து பட்டினி போட்டு, கடைசி ஆளைப் பிற்பகல் 3 மணிக்கு எடுப்பது 15 மணி நேரப் பட்டினி. சர்க்கரை நோயாளிக்கு அது ஆபத்து. அவரை லிஸ்டின் முதலில் போடுங்கள்.

இரண்டாவது மூக்குத்தி. காட்டரி (மின்சாரத்தால் திசுவைச் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவி) பயன்படுத்தும்போது உடம்பில் உலோகம் இருந்தால் தீக்காய அபாயம் உண்டு. மோதிரம் இருந்தால் விரல் வீங்கி மாட்டிக்கொள்ளும். இதெல்லாம் காலை 7.40-க்குத்தான் நினைவுக்கு வரும். பத்து வருடமாகக் கழற்றாத மூக்குத்தித் திருகு, கழலாத மெட்டி, தாலியைக் கழற்ற மனம் வராத மாமியாரும் மருமகளும் என்று 20 நிமிடம் போய்விடும். முந்தின நாள் மாலையே வார்டு சிஸ்டர் இதைப் பேசிவிடட்டும். தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று சொன்னால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும். நகப்பூச்சையும் அப்போதே அழித்துவிடலாம். விரல்நுனியில் மருதாணி அடர்த்தியாக இருந்தால் பல்ஸ் ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) சரியாகக் காட்டாமல் போகலாம். சென்சரைக் காதுமடலில் மாட்ட வேண்டியிருக்கும் என்று ஷீட்டில் குறித்துவிடுங்கள்.

மருந்து ஒன்றுதான்: தினமும் பிற்பகல் 2.30-க்கு, நின்றபடியே 10 நிமிடக் கூட்டம். இன்சார்ஜ் சிஸ்டர், மயக்க மருத்துவர், வார்டு சிஸ்டர், சி.எஸ்.எஸ்.டி. (கருவிகளைக் கழுவி ஸ்டெரிலைஸ் செய்யும் பிரிவு) டெக்னீஷியன், பில்லிங்கிலிருந்து ஒருவர். நாளைய லிஸ்டை ஒவ்வொரு பெயராகப் படித்து, ‘தயார்’ அல்லது ‘இன்னது பாக்கி, இன்னார் 5 மணிக்குள் முடிப்பார்’ என்று குறிக்க வேண்டும். 5 மணிக்கும் முடியாத நோயாளி முதல் கேஸாக இருக்கக்கூடாது.

நோயாளியின் வீட்டார் ராகு காலம் பார்க்கிறார்களே?

பார்ப்பார்கள். திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை. சரியாக உங்கள் முதல் கேஸ் நேரம். காலையில் போய் வாதாடுவதில் பயனில்லை. நாள் குறிக்கும்போதே கேட்டு, பார்க்கிறவர் என்றால் இரண்டாவது கேஸாகப் போடுங்கள். அஷ்டமி, நவமியில் அவசரமில்லாத கேஸ் குறைவாக வரும் என்பதும் எல்லா இன்சார்ஜ் சிஸ்டருக்கும் தெரியும். கருவிகளின் வருடாந்திரப் பராமரிப்பை, தியேட்டர் பெருந்துப்புரவை அந்த நாள்களில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு கேஸுக்கு நடுவே 50 நிமிடம் போகிறது. எங்கே போகிறது?

பித்தப்பை லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) லிஸ்ட் ஒன்றின் மாதிரித் தாள்:

11.02 டிரெஸ்ஸிங் முடிந்தது.
11.09 நோயாளி வெளியே. அதன்பிறகு ஹவுஸ்கீப்பிங்குக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.
11.15 துடைப்பவர் வருகிறார்.
11.27 துடைத்து முடிகிறது.
11.31 அடுத்த கேஸின் செட் வருகிறது. லைட் கேபிள் இல்லை. பக்கத்துத் தியேட்டரில் இருக்கிறது.
11.38 கேபிள் கிடைக்கிறது. இப்போதுதான் வார்டுக்கு போன்.
11.58 அடுத்த நோயாளி உள்ளே.

மொத்தம் 49 நிமிடம். இதில் தியேட்டர் காலியாக இருந்தால்தான் செய்ய முடியும் என்ற வேலை, துடைத்த 12 நிமிடமும் செட் விரிப்பதும்தான். மற்றதெல்லாம் முந்தைய கேஸ் நடக்கும்போதே ஓரமாக நடந்திருக்கலாம். இயந்திரம் நின்றால்தான் செய்யக்கூடிய வேலை, ஓடும்போதே செய்யக்கூடிய வேலை என்று இரண்டாகப் பிரித்து, முடிந்தவரை இரண்டாவதற்குத் தள்ளு என்று சொன்னவர் ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர். தொழிற்சாலை அச்சு மாற்றுவதற்காகச் சொன்னது அப்படியே இங்கே பொருந்துகிறது.

நடைமுறையில் இப்படி: சர்ஜன் தோல் தையலைத் தொடங்கியதும் சர்க்குலேட்டிங் சிஸ்டர் (டேபிளில் நிற்காமல் அறையில் மற்ற வேலைகளைப் பார்ப்பவர்) மூன்று போன் செய்கிறார். வார்டுக்கு, ஹவுஸ்கீப்பிங்குக்கு, சி.எஸ்.எஸ்.டி.க்கு. அடுத்த நோயாளி 11.09-க்கே காத்திருப்பு அறையில் இருப்பார். துடைப்பவர் வாசலில் நிற்பார். கேபிள் உட்பட எல்லாப் பொருளும் ஒரு வண்டியில் வெளியே நிற்கும். நோயாளி 11.25-க்கு உள்ளே வரலாம், 16 நிமிடம்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முந்தைய நோயாளி உள்ளே இருக்கும்போதே தரை துடைக்கத் தொடங்குவது. அறை சுத்தமாகும் முன் ஸ்டெரைல் டிரேயைப் பிரிப்பது. கிருமிநாசினி ஈரமாக இருக்க வேண்டிய நேரம் முடியுமுன் துணியால் துடைத்து உலர்த்துவது. மூன்றும் நிமிடத்தை மிச்சம் பிடித்துத் தொற்றை வாங்குவது. காத்திருப்பு அறையில் இரண்டு பேர் சேர்ந்து படுத்திருந்தால் ஆள் மாறும் அபாயமும் வந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதற்றத்தில் யாரும் தலையாட்டுவார்கள். அவரையே பெயரைச் சொல்லச் சொல்லி, கைப்பட்டையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இப்படி மிச்சமாகும் நேரத்தில் ஒரு கேஸ் கூடுதலாகச் செய்யலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 கேஸ் என்றால் நடுவே 3 இடைவெளி. இடைவெளிக்கு 33 நிமிடம் மிச்சம் என்றால் 99 நிமிடம். 75 நிமிடம் அறையில் இருக்கும் ஒரு கேஸும் அதற்கான 16 நிமிட இடைவெளியும் அடங்கும். இடைவெளிக்கு 10 நிமிடம்தான் மிச்சம் என்றால் மொத்தம் அரை மணி. அதில் கேஸ் போட முயன்றால் ஊழியர்கள் இரவு 8 மணிக்குத்தான் வீட்டுக்குப் போவார்கள், அடுத்த வாரமே உங்கள் திட்டத்துக்கு எதிரியாவார்கள். அந்த அரை மணியை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். நேரத்துக்கு வீடு போவதும் பலன்தான்.

லேப்ராஸ்கோப்பி செட் போதவில்லை. இன்னொன்று வாங்கலாமா?

வாங்குமுன் செட் ஒரு சுற்று சுற்றிவர எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 90 நிமிடத்துக்கு ஒரு கேஸ் தொடங்குகிறது. செட் தியேட்டரில் 90 நிமிடம், சி.எஸ்.எஸ்.டி.யில் 210 நிமிடம் என்று வையுங்கள். 300-ஐ 90-ஆல் வகுத்தால் 3.3; ஆக 4 செட் வேண்டும். சி.எஸ்.எஸ்.டி. நேரம் 150 ஆனால் 240-ஐ 90-ஆல் வகுக்க 2.7, 3 செட் போதும். ஒரு செட்டின் விலை இந்த 60 நிமிடத்துக்குள் இருக்கிறது.

அந்த 60 நிமிடம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் கிடைக்கும். பயன்படுத்திய டிரே அழுக்கு அறையில் கேட்பாரற்றுக் கிடக்கும். ரத்தம் காய்ந்துவிட்டால் கழுவவும் இரட்டிப்பு நேரம். அடுத்து, ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) நிறையட்டும் என்று மூன்று செட் சேரும்வரை நிறுத்திவைப்பார்கள். மின்சாரம் மிச்சம் என்பது அவர்கள் வாதம். தியேட்டர் ஒன்று ஒரு மணி நேரம் சும்மா நிற்பதன் செலவை அதனோடு ஒப்பிட்டுக் காட்டினால் வாதம் முடிந்துவிடும். பயன்படுத்திய கருவிகளை என்சைம் நுரை தெளித்தோ ஈரத்துணி போர்த்தியோ உடனே அனுப்புங்கள்.

குறுக்குவழி மட்டும் வேண்டாம். 134 டிகிரியில் 3 நிமிடம், 121 டிகிரியில் 15 நிமிடம் என்பது வெப்பம் நிலைக்க வேண்டிய நேரம் மட்டுமே. காற்றை வெளியேற்றுவது, உலர்த்துவது எல்லாம் சேர்ந்தால் முக்கால் மணிக்குக் குறையாது. உலர்த்தலை வெட்டினால் ஈரப் பொட்டலம் வரும். ஈரமாக வந்தது ஸ்டெரைல் இல்லை, திருப்பி அனுப்ப வேண்டும். செட் போதவில்லை என்பதற்காகப் பொட்டலமில்லாமல் அவசர ஸ்டெரிலைசேஷன் செய்வது வழக்கமாகிவிட்டால், அது உங்கள் லிஸ்ட் தவறாகப் போடப்படுகிறது என்பதன் அடையாளம்.

டிரேயில் உள்ள கருவிகளைக் குறைக்கலாமா?

தாராளமாக. சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், துறைக்குத் துறை மாறினாலும், திறந்த டிரேயில் பயன்பட்ட கருவிகள் 13 முதல் 22 சதவீதம்தான். மீதியைச் சும்மா எண்ணி, கழுவி, அடுக்கி, அவித்து எடுத்தார்கள். ஒரே வகை அறுவை 20 நடக்கும்வரை, எந்தக் கருவி கைக்குப் போனது என்று ஸ்க்ரப் சிஸ்டர் (சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவர்) சொல்லச் சொல்ல இன்னொருவர் தாளில் புள்ளி வைக்கட்டும். 20-ல் ஒருமுறைகூடத் தொடாதவற்றைத் தனிப் பொட்டலமாக்கி அதே அறையில் வையுங்கள். ரத்தக்குழாய் கிளாம்ப் போன்றவை விதிவிலக்கு. ஆண்டுக்கு ஒருமுறைதான் வேண்டும்; ஆனால் அந்த ஒருமுறை 10 விநாடியில் வேண்டும். அவை டிரேயிலேயே இருக்கட்டும். ஒரு டிரேயின் எடை 11 கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நீர் தேங்கி ஈரப் பொட்டலம், தூக்குபவருக்கு முதுகுவலி.

முதலில் யாரைக் கேட்பது என்றால், அந்தத் துறையின் மூத்த சர்ஜனை. அவருக்குத் தெரியாமல் ஒரே ஒரு கருவியை எடுத்தாலும், அடுத்த கேஸில் அவர் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

தையல் நூல் ஒரு வாரம் மலையாகக் கிடக்கிறது, மறுவாரம் தீர்ந்துபோகிறது.

இரண்டு பெட்டி முறை போதும். நாளுக்கு 8 நூல் செலவு, ஆர்டர் போட்டால் வர 5 நாள், பாதுகாப்புக்கு 2 நாள் என்றால் 7 நாளுக்கு 56. அட்டைப்பெட்டிக்கு 12 என்றால் 5 பெட்டி. முன்கூடையில் 5, பின்கூடையில் 5. முன்கூடை காலியானதும் அதிலுள்ள ஆர்டர் சீட்டு ஸ்டோருக்குப் போகும். பின்கூடை முன்னுக்கு வரும். காலாவதித் தேதி முந்தியது முன்னால். இந்த முறையைக் குலைப்பது ஒன்றே ஒன்று: ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அலமாரிச் சாவியோடு பதுக்கிவைக்கும் நல்லெண்ணம்.

பாதுகாப்பு செக்லிஸ்ட்டும் ஒரு விரயம்தானே?

கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அந்த 19 அம்சப் பட்டியலை 8 நகரங்களின் மருத்துவமனைகளில், டெல்லி அதில் ஒன்று, சோதித்தபோது அறுவைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன. மயக்கத்துக்கு முன், கத்திக்கு முன், நோயாளி வெளியேறுமுன் என மூன்று நிறுத்தங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்தான். விரயம் எங்கே என்றால், 7.45-க்கே மூன்று பகுதியிலும் டிக் போட்டு வைத்துவிட்ட தாளில். ‘ஆன்டிபயாடிக் போட்டாச்சா?’ என்று வாய்விட்டுக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: வழக்கமான மருந்து கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போயிருக்க வேண்டும். வார்டில் 7 மணிக்குப் போட்டு, கேஸ் 9-க்குத் தொடங்கினால் டிக் இருக்கும், பலன் குறைந்திருக்கும்.

ஜூனியர் சிஸ்டர் கேஸை நிறுத்தலாமா?

டொயோட்டாவில் யாரும் கயிற்றை இழுத்து உற்பத்தி ஓட்டத்தை நிறுத்தலாம். தியேட்டரில் மாப் (ரத்தம் ஒற்றும் துணி) கணக்கு இடிக்கிறது என்றால் தையல் நிற்க வேண்டும்; சொல்பவர் நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி. இதன் அவசியத்தை வர்ஜீனியா மேசனே கசப்பாகக் கற்றது. 2004-ல் அங்கே ஒரு நோயாளிக்கு எக்ஸ்ரே சாயத்துக்குப் பதில் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி ரத்தக்குழாயில் செலுத்தப்பட்டு அவர் இறந்துபோனார். நிறமற்ற திரவங்கள், பெயர் ஒட்டாத கிண்ணங்கள். மருத்துவமனை அதை மறைக்காமல் வெளியே சொன்னது. உங்கள் ஸ்டெரைல் டேபிளில் இன்று எத்தனை கிண்ணத்தில் பெயர் ஒட்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டெரைல் லேபிளும் பேனாவும் செட்டோடு வர வேண்டும். இல்லாவிட்டால் யாரும் தேடிப்போய் ஒட்டமாட்டார்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மாதிரி ஒரு சர்ஜனுக்கு இரண்டு டேபிள் போடலாமா?

1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்தில், ஒரு டேபிளில் கண்புரை அறுவை நடக்கும்போதே பக்கத்து டேபிளில் அடுத்தவர் தயாராகிவிடுவார். முடிந்ததும் மைக்ராஸ்கோப் திரும்பும், சர்ஜன் திரும்புவார். சர்ஜன் மட்டுமே செய்யக்கூடியதைத் தவிர மற்றதைப் பயிற்சிபெற்ற பெண் பணியாளர்கள் செய்கிறார்கள். கூடவே தொற்றையும் விடாமல் எண்ணுகிறார்கள். அங்கே செய்த சுமார் 6 லட்சம் கண்புரை அறுவைகளை அலசியதில், கண்ணுக்குள் மாக்சிஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்தத் தொடங்கிய பிறகு உட்கண் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 ஆகக் குறைந்தது தெரிந்தது.

ஆனால் கண்புரை சில நிமிட வேலை, கண்ணை மட்டும் மரக்கச் செய்வது, ஒன்றைப் போலவே இன்னொன்று. வயிற்று அறுவையில் இந்த மூன்றும் கிடையாது. ஒரே அறையில் இரண்டு வயிறு திறப்பது எந்தத் தரவிதிக்கும் அடங்காது. அங்கிருந்து எடுக்க வேண்டியது டேபிள் எண்ணிக்கையை விட, யார் எந்த வேலையைச் செய்வது என்ற பங்கீட்டைத்தான்.

நடுவில் எமர்ஜென்சி வந்தால் எல்லாம் கலைந்துவிடுகிறதே?

எமர்ஜென்சி எந்த நிமிடம் வரும் என்றுதான் தெரியாது. வாரத்துக்கு எத்தனை என்பது பழைய பதிவேட்டில் இருக்கிறது. வாரத்துக்கு 10 சிசேரியன், அப்பென்டிக்ஸ் பகல் வேளையில் வருகிறது என்றால் தினமும் இரண்டு கேஸுக்கான இடத்தை லிஸ்டில் காலியாக விடுங்கள். 100 சதவீதம் நிரப்பிய லிஸ்ட் 11 மணிக்கே உடைந்துவிடும். 80-ஐ ஒட்டி நிறுத்துவது நல்லது.

இது ஆள்குறைப்பில்தானே முடியும்?

அந்தப் பயம் இருக்கும்வரை யாரும் உண்மையான நேரத்தை எழுதமாட்டார்கள். இதனால் யாருக்கும் வேலை போகாது என்று நிர்வாகம் தொடங்குமுன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்க மனமில்லை என்றால் தொடங்காதீர்கள்.

மூன்று மாதம் நன்றாக நடந்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. ஏன்?

வெளியாள் வந்து ஐந்து நாள் பயிற்சி நடத்தி, சுவரில் போஸ்டர் ஒட்டிப் போன இடங்களில் இது வழக்கம். 2.30 கூட்டத்தை நடத்தும் சிஸ்டர் லீவு போட்ட அன்று யார் நடத்துவது என்று எழுதவில்லை என்றால், அந்த லீவோடு கூட்டமும் நின்றுபோகும். இன்னொன்று, எண்கள் தரப்பிரிவின் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். தியேட்டர் ஆள்கள் பார்க்கவே மாட்டார்கள்.

மென்பொருள் வாங்க வேண்டுமா?

முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். கை கழுவும் இடத்துக்கு எதிரே ஒரு வெள்ளைப் பலகை. சர்ஜன் 3 நிமிடம் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். நேற்றைய முதல் கேஸ் நேரம், இடைவெளிகள், ஒரே ஒரு தாமதக் காரணம், அதை யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்கிறார் என்ற நான்கு வரி. மார்க்கரைப் பலகையோடு நூலில் கட்டிவிடுங்கள்.